மூன்று சதவீதம்

தரமணியில் காலை ஏழு மணிக்கே
ஈரப்பதம் எண்பத்தேழு.
தட்டில் ஊற்றிய மரவள்ளி மாவுப் படலம்
மூன்றாம் நாளும் காயவில்லை.
கிளிசரின் கலந்ததால் வளைகிறது;
வளைவது மட்டும்தான் அதற்குத் தெரிகிறது.
இழுத்தால் வருகிறது,
எங்கே என்று கேட்காமல்,
நடுவில் மெலிந்து
அறுந்துவிடுகிறது.

ஆனியில் களிமண் கலக்கத் தொடங்கினேன்.
பையில் பார்த்தால் கோலமாவு.
தண்ணீரில் ஊறினால் தாள் தாளாய்ப் பிரியும்,
ஒரு தாளின் கனம் ஒரு நானோமீட்டர்.
எதோடு ஒப்பிடுவது?
தலைமுடியைச் சொல்லிச் சொல்லித்
தலைமுடிக்கே அலுத்துவிட்டது.

ஆனால் அது செய்கிற வேலையைச்
சொல்லிவிட முடியும்.
மெட்ரோவுக்காகத் தகரம் அடித்த
மடிப்பாக்கத்துச் சாலையில்
சமீபத்தில் போனீர்களா?
நேரே என்றால் நாலு நிமிடம்.
இப்போது இடது, மறுபடி இடது,
ஒரு கோயில் சுவர்,
பின்னோக்கி வரும் கான்கிரீட் லாரிக்குக் காத்திருப்பு,
வலது, பிறகு
புறப்பட்ட இடத்தின் முதுகு.
படலத்துக்குள் நுழைந்த நீராவிக்கும்
அதே கதிதான்.
யாரையும் தடுத்து நிறுத்துவதில்லை,
சுற்ற விடுகிறோம்.

ஒரு சதவீதம்: கொஞ்சம் நிமிர்ந்தது.
மூன்று: இழுவிசை இரண்டு மடங்கு.
மெஷின் பொய் சொல்கிறது என்றான்
டார்வின் செல்லையா.
மறுபடி இழுத்தோம். அதே எண்.
பேராசையில் ஏழு கலந்தேன்.
தாள்கள் பிரிய மறுத்து
ஒன்றோடொன்று ஒட்டி
உப்புமாவில் கட்டி விழுந்ததுபோல் விழுந்து
கட்டி இருந்த இடத்திலேயே கிழிந்தது.
அதிகம் சேர்த்தால் அதிகம் பலம் என்பவர்களுக்கு
அதில் ஒரு துண்டு
கூரியரில் அனுப்ப ஆசை.

மதியம் எதிர் மெஸ்ஸில்
கொதிக்கிற சாம்பாரை இதில் ஊற்றுங்கள் என்றேன்.
களிமண் இல்லாத பை
பதினெட்டு நொடியில் கஞ்சி.
மெஸ்காரர் என்னைப் பார்த்த பார்வைக்கு
அலகு இல்லை.
மூன்று சதவீதப் பை
சாலை கடந்து, லிஃப்டுக்கு நின்று,
என் நாற்காலிவரை வந்துதான் கசிந்தது.
'வெற்றி' என்று எழுதினேன்
நாற்காலியைத் துடைத்துக்கொண்டே.

அப்புறம் புதைப்பது.
ஆய்வுக்கூடத்தின் பின்னால் பத்துக் குழி,
குழிக்கொரு கொடி.
வெறும் மாவுப் படலம்
பதினாறாம் நாள் அங்கே இல்லை.
மூன்று சதவீதம்
முப்பதாம் நாளும் கிடந்தது,
விளிம்பில் மட்டும்
எலி கடித்த பத்திரம் மாதிரி.
நுண்ணுயிரும் அந்தச் சாலையில்தானே வரவேண்டும்?
அதே தகரம், அதே இடது.

நான் ஏற்றிய பலமே
அது மக்கும்போது குறுக்கே நிற்கிறது.
ஒரு பை எத்தனை நாள் தாங்க வேண்டும்?
சாம்பார் வீடு போய்ச் சேரும்வரை.
சரி, கூட ஒரு நாள்.
அந்த ஒரு நாளைக்கு
எத்தனை கிராம் களிமண் என்று
இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

நாற்பத்தைந்தாம் நாள் எடை பார்க்க வேண்டும்.
நாற்பத்து மூன்றாம் ராத்திரி மழை.
விடிந்தால் கொடி இல்லை, குழி இல்லை,
முழங்கால் தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்
நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.
வேலிக் கம்பியில் மாட்டிக்கொண்டு
தப்பித்தது ஒன்றே ஒன்று:
உதவாத அந்த ஏழு.

மூன்று எங்கே போனது?
பள்ளிக்கரணைப் பக்கம் வடிந்திருக்கும்.
கரைந்து களிமண் மட்டும்
சேற்றோடு சேர்ந்திருக்கலாம்.
கரையாமல் ஒரு நாமக்கோழியின் காலில்
சுற்றிக்கொண்டும் இருக்கலாம்.

அட்டவணையில் அந்தக் கட்டம் காலி.
பூஜ்யம் போடு, யார் கேட்கப் போகிறார்கள்
என்றான் செல்லையா.
பூஜ்யம் என்றால்
மிச்சம் ஏதும் இல்லை என்று பொருள்.
கோடு என்றால்
எனக்குத் தெரியாது என்று பொருள்.

கோடு போட்டேன்.
பேனா ஈரத்தில் கொஞ்சம் ஊறி
கோடு
கட்டத்தைத் தாண்டிவிட்டது.